பழைய அணிக்கு எதிரே

கேள்வி: பழைய அணியை எதிர்த்து ஆடும் வீரருக்கு நெருக்கடி கூடுமா? (வாசகர், கெலமங்கலம்)

பதில்: கூடும். 2018 முதல் 2024 வரை பெங்களூரு ஐ.பி.எல். அணியில் இருந்த முகமது சிராஜ், 2025 ஏப்ரல் 2 அன்று அந்த அணியின் சொந்த மைதானமான சின்னசாமியில் குஜராத்துக்காகப் பந்து வீசினார். அவரது முதல் ஓவரிலேயே பெங்களூரு பேட்ஸ்மேன் சால்ட் கொடுத்த கேட்சைக் குஜராத்தின் பட்லர் கோட்டைவிட்டார். பிறகு சால்ட் 105 மீட்டருக்கு ஒரு சிக்ஸர் விளாச, அடுத்த பந்திலேயே ஸ்டம்பைச் சாய்த்தார் சிராஜ். 19 ரன்னுக்கு 3 விக்கெட். உள்ளுக்குள் படபடப்பு இருந்ததை ஆட்டம் முடிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார்.

வீரரின் பலம், பலவீனம் பழைய அணிக்கு அத்துப்படி. நிரூபித்துக் காட்டும் வேகத்தில் அளவு தவறுவதே பெரிய ஆபத்து. பந்துவீச்சாளர் அடுத்த பந்தில் சரிசெய்யலாம். பேட்ஸ்மேனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் எட்டே நாளில், முன்பு பெங்களூருக்கு ஆடிய கே.எல்.ராகுல், டெல்லிக்காக அதே மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 93 ரன் எடுத்து அணியை வெல்ல வைத்தார்.