மகளை இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க வைக்கலாமா?

போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சத்தியமங்கலம் பக்கத்து உழவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, பாப்பா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிருச்சு. அடுத்து இன்டர்நேஷனல் பிசினஸ்ல எம்.பி.ஏ. சேரோணும்ங்குது. லட்சக்கணக்குல கேக்கறாங்க. கெணத்து மேட்டு ஒரு ஏக்கரை அடமானம் வெச்சரலாமான்னு ஓசனையா இருக்குது. நீங்களும் அதேதானே படிச்சீங்க?"

ஆமாம், நானும் வேதியியல் முடித்துவிட்டுத்தான் அந்தப் படிப்புக்குப் போனேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் இந்தப் பேச்சு ஓடுகிறது.

ரெண்டு வருசத்தில் அங்கே நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். பாதி மறந்துவிட்டது. மஞ்சள் விற்கும்போது கைகொடுப்பவை இரண்டுதான்.

ஒன்று, விலை எந்த இடத்தில் முடிகிறது என்பது. 'கிலோ இன்ன விலை' என்று வெளிநாட்டுக்காரர் சொன்னால் அது பாதிச் சேதி. நம் களத்தில் வந்து எடுக்கும் விலையா, தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றித் தரும் விலையா, அவர் ஊர்த் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோகும் விலையா? இதற்கெல்லாம் இன்கோடெர்ம்ஸ் என்று உலகம் முழுக்க ஒரே அகராதி வைத்திருக்கிறார்கள். 1936-ல் தொடங்கியது, இப்போது நடப்பது 2020 பதிப்பு. எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையது. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் காப்பீடும் நாம்தான் கட்ட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாம் வாடகை கட்டுவதால் சரக்குக்கு நாமே கடைசி வரை பொறுப்பு என்று நினைத்துப் பயப்படுவார்கள். அப்படி இல்லை. வழிச்சேதத்தின் பொறுப்பு சி.ஐ.எஃப்.பிலும் கப்பலில் ஏறியதுமே வாங்குபவருக்குப் போய்விடும். காசு நாம் கட்டினாலும் கடல் அவருடையது.

இன்னொன்று, வங்கிக் கடன் உறுதிக் கடிதம், அதாவது எல்.சி. காகிதம் சரியாக இருந்தால் வங்கி பணம் தரும். மஞ்சளை அது முகர்ந்து பார்க்காது. அருமையான சரக்கு அனுப்பினாலும், கடிதத்தில் கேட்ட ஒரு சான்று குறைந்தாலோ, தேதி தவறினாலோ பணம் நிற்கும்.

இதையெல்லாம் படித்த நான்தான் எங்கள் குழுவின் 5 டன் மஞ்சள்தூளைக் கோட்டைவிட்டேன். பன்னிரண்டு குடும்பங்களின் ஒரு வருச உழைப்பு அது. எல்லோரும் மூன்று வருசத்துக்கும் மேலாக ரசாயனம் தொடாதவர்கள், ஏற்றுமதிக்கான என்.பி.ஓ.பி. சான்று வாங்கியவர்கள். (பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்கு மட்டும்தான். அதை வைத்து அங்ககப் பொருள் என்று ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு.) இங்கே ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தோம், சுத்தமாக வந்தது. சரக்கு ஜெர்மனி போய்ச் சேர்ந்தது. அங்கே எடுத்த ஆய்வில் பூச்சிக்கொல்லி எச்சம் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். எங்கள் ஒப்பந்த வரம்பு 0.01.

அந்த 0.01 எவ்வளவு என்று பாருங்கள். 5 டன்னுக்கு 50 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதில் மூன்று மடங்கு இருந்தது, அவ்வளவுதான். அங்ககப் பொருள் என்ற பெயர் போய், சாதா மஞ்சளாக வந்த விலைக்கு அங்கேயே தள்ளிவிட்டார்கள். வாடகை போக வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. களத்தில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "சாமி, எங்க காட்டுல மருந்தடிச்சோம்னு நீயும் நம்பறயா?"

நம்பவில்லை. ஆனால் நிரூபிக்க வேண்டுமே. இங்கேதான் பழைய படிப்பு உதவியது. பன்னிரண்டு பேர் மஞ்சளையும் தனித்தனியாகச் சோதிக்கக் காசில்லை. மூன்று மூன்று பேராகச் சேர்த்து நான்கு மாதிரி அனுப்பினேன். பாலிஷ் போடாத, மீதம் இருந்த விரலி மஞ்சள். நான்கும் சுத்தம். அப்படியானால் களத்துக்கு அப்புறம்தான் ஏதோ நடந்திருக்கிறது. நாங்கள் வாடகைக்கு எடுத்த பாலிஷ் டிரம்மின் மூலையில் ஒட்டியிருந்த தூசியைச் சுரண்டி அனுப்பினேன். அதில் இருந்தது. எங்களுக்கு முந்தின நாள் அதே டிரம்மில் ரசாயன மஞ்சள் ஓடியிருக்கிறது.

டிரம்காரர்மேல் தப்பில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை, கழுவவும் இல்லை. என் தப்பு ரெண்டு. இங்கே சோதனைக்குக் கொடுத்த மாதிரியைப் பாலிஷுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன். 'இறங்கும் ஊரில் எடுக்கும் ஆய்வே இறுதி' என்ற வரியில் படித்துப் பார்த்தே கையெழுத்தும் போட்டேன். முதலாவது வேதியியல் படித்தவன் செய்யக்கூடாதது. ரெண்டாவது எம்.பி.ஏ. படித்தவன் செய்யக்கூடாதது.

இப்போது டிரம்மைக் கழுவிக் காயவிட்டு, நம் மஞ்சளிலேயே 100 கிலோவை முதலில் ஓட்டி, அதைச் சாதா மஞ்சளாக விற்றுவிடுகிறோம். அப்புறம்தான் மற்றது ஏறும். தேதி போட்டு நோட்டில் எழுதுகிறோம். அரைத்து மூட்டை கட்டிய பிறகு, ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆய்வகத்துக்கு மாதிரி போகிறது. அந்த முடிவே இறுதி என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறோம். பேரம் பேசி அந்த ஒரு வரியை மாற்றத்தான் எனக்கு எம்.பி.ஏ. பயன்பட்டது. எதை மாற்ற வேண்டும் என்று காட்டியது வேதியியல்.

ஏற்றுமதி என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம் இயக்கத்தில் உண்டு. எனக்கும் பாதி அந்தக் கட்சிதான். அரிசியும் பருப்பும் முதலில் நம் ஊருக்கு. மஞ்சள், மிளகு போன்றவற்றில் மட்டும் கொஞ்சம் வெளியே பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இனி அந்த அண்ணனுக்கு. நிலத்தை அடமானம் வைக்க வேண்டாங்கண்ணா. 4 லட்சம் ரூபாய் வரைக்கும் கல்விக்கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குள் முடிகிற கல்லூரி பாருங்கள். டெல்லியில் 1963-ல் மத்திய அரசு தொடங்கிய இந்திய அயல்நாட்டு வாணிப நிறுவனம் இந்தப் படிப்புக்குப் பேர்போனது. எந்தப் பட்டதாரியும் நுழைவுத்தேர்வு எழுதலாம், ஆனால் அங்கே கட்டணம் அதிகம். வெறுமே ஏற்றுமதி செய்யத்தான் ஆசை என்றால் எம்.பி.ஏ.வே தேவையில்லை. பான் அட்டையும் 500 ரூபாயும் இருந்தால் ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்கலாம். மசாலாப் பொருளுக்கு மசாலா வாரியப் பதிவு ஒன்று கூடுதலாக வேண்டும்.

பாப்பாவோடு போனில் பேசினேன். "கெமிஸ்ட்ரிய விட்டுட்டுத்தான் இதுக்கு வரணும்னு நினைச்சேன்ணா" என்றது. விட வேண்டாம் என்றேன். ஒரு வருசம் எங்கள் குழுவில் இருந்து சான்றுக் கோப்புகளைப் பார்க்கட்டும், அப்புறமும் ஆசை இருந்தால் சேரட்டும். ஒத்துக்கொண்டது. தையில் அறுவடை. டிரம் கழுவும் முதல் நாளே வரச் சொல்லியிருக்கிறேன்.