குறுமரக் கலையும் போனக்காட்டுத் தேயிலையும்

சென்ற மாதம் விடுதி வாசகசாலையில் நண்பர் சிலர் கூடி ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு படம். அகன்ற மண் தட்டில், முழங்கை உயரமே உள்ள ஒரு பைன் மரம். அடிமரம் பருத்து, பட்டை வெடித்து, நூறு மழை கண்ட கிழமரம் போல நின்றது. "இது குள்ளச் சாதி மரம் போலும்!" என்றார் ஒருவர். பிறரும் அப்படியே எண்ணினர். "இல்லை, இதைத் தரையில் நட்டு விட்டுவிட்டால் தென்னை உயரம் போகும்" என்றேன். யாரும் நம்பவில்லை. தாவரவியல் மாணவன் சொல்லியும் நம்பவில்லையென்றால் எழுதித்தான் காட்ட வேண்டும் என்று இக்கட்டுரையைத் தொடங்கினேன். தொடங்கிய பின்தான் ஒன்று விளங்கிற்று: இதற்காக ஜப்பான் வரை போக வேண்டியதில்லை, பாதிப் பாடம் நான் பிறந்த போனக்காட்டிலேயே இருக்கிறது.

போன்சாய் என்பது யாது?

'போன்' என்றால் தட்டு; 'சாய்' என்றால் நடுதல். தட்டில் நட்டு வளர்த்த மரம் என்பதே பொருள். சீனத்தில் தோன்றிய இக்கலை ஜப்பானில் செழித்தது. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தோக்கியோ நகரம் பாழ்பட்டபோது, அங்கே குறுமரம் வளர்த்தோர் சிலர் நல்ல நீரும் காற்றும் தேடிப் பெயர்ந்து, 1925இல் ஓமியா என்னுமிடத்தில் தங்களுக்கென ஒரு கிராமமே அமைத்தனர். இன்றும் அவ்விடம் அக்கலைக்குப் பெயர் பெற்றது.

குறுமரங்களுள் தலைமை பெற்றது ஜப்பானியக் கரும்பைன். 1775இல் ஜப்பான் சென்ற சுவீடன் தாவரவியலார் துன்பெர்க்கின் பெயரால் நூலோர் இதனைப் 'பைனஸ் துன்பெர்கியை' என்பர். ஜப்பானின் கடற்கரைப் பாறைகளில் உப்புக் காற்றை எதிர்த்து நிற்கும் மரம் இது. ஊசி இலைகள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து நிற்கும், முரட்டுப் பட்டை. தட்டில் நிற்பதும் கடற்கரையில் நிற்பதும் ஒரே இனம். தட்டு மரத்தின் விதையை எடுத்துத் தரையில் ஊன்றினால் முளைப்பது நெடுமரமே. ஆகவே குறுமை பிறப்பில் வந்ததன்று, கையால் வந்தது.

அந்தக் கை செய்வது என்ன?

முதல் வேலை மேலே அன்று, கீழே. முளைத்த கன்றின் ஆணிவேரை இளமையிலேயே நறுக்கி விடுவர். அப்பொழுது பக்க வேர்கள் சக்கரத்தின் ஆரங்கள் போல நாற்புறமும் ஓடும். பிற்காலத்தில் அடிமரம் மண்ணைப் பற்றி நிற்கும் அழகு இதனால் வருவது.

அடுத்த சில ஆண்டுகள் மரத்தைப் பருக்க விடும் காலம். மேலே பச்சை எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கே அடிமரம் தடிக்கும். ஆகவே கீழ்க்கிளை ஒன்றைத் தடையின்றி ஓடவிட்டு, அடி பருத்தபின் அதனை அறுத்தெறிவர். வெட்டுவதற்கென்றே வளர்க்கும் கிளை அது.

பின்னர் வடிவம். குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது செம்புக் கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றிக் கிளையை வளைப்பர். கிளை பருத்துக் கம்பி பட்டையில் பதியும் முன் அதனை வெட்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் அத்தழும்பு பல்லாண்டு மறையாது.

கரும்பைனுக்கே உரிய நுட்பம் ஒன்றுண்டு. இளவேனிலில் அதன் தளிர்கள் மெழுகுதிரி போல நிமிர்ந்து எழும். நலமான மரத்தில் அத்திரிகளைக் கோடையின் முற்பகுதியில் அடியோடு நறுக்குவர். மரம் இரண்டாம் முறை தளிர்க்கும். பருவம் குறுகிவிட்டதால் இரண்டாம் தளிரின் ஊசிகள் குட்டையாகவே நிற்கும். வலுவற்ற திரிகளை முதலிலும் வலுத்த திரிகளைச் சில நாள் கழித்தும் வெட்டுவர். மெலிந்ததற்கு முந்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். மரம் முழுவதும் சமனாகும். இதனோடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டினின்று எடுத்து, வேரில் ஒரு பகுதியை நறுக்கி, நீர் தேங்காத புதுமண் இடுவர். இவ்வளவும் செய்து, காண்பதற்கு ஒரு மரம் ஆவதற்கு பத்து இருபது ஆண்டுகள் செல்லும்.

நுனியின் ஆட்சி

நுனியை வெட்டினால் பக்கத்தில் ஏன் தளிர்க்கிறது? ஓங்கி வளரும் தளிரின் நுனி ஆக்சின் என்னும் பொருளைச் சுரந்து கீழே அனுப்புகிறது. 1928இல் டச்சு விஞ்ஞானி வென்ட் ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து இப்பொருளைச் சேகரித்து அளந்து காட்டினார். 1933இல் தீமன், ஸ்கூக் என்னும் இருவர் அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தனர்; பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன. நுனியின் ஆட்சிக்கு ஆக்சினே கருவி என்று அன்றுமுதல் படித்து வந்தோம்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 2008இல் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் வேறொரு பொருளும் கிளைப்பதைத் தடுக்கிறது என்று கண்டனர். 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் பட்டாணிச் செடியில் புதியதொன்றைக் காட்டினர். நுனி போனதும், ஆக்சின் குறையும் செய்தி கீழே எட்டுவதற்கு முன்பே பக்க மொட்டு விழித்துவிடுகிறது. காரணம் சர்க்கரை. நுனி உண்டுகொண்டிருந்த உணவு, நுனி இல்லாதபோது மொட்டுகளுக்குப் பாய்கிறது. பெரியவன் பந்தியை விட்டு எழுந்தால் சிறியவர் இலையில் சோறு விழுகிறது என்று கொள்க.

போனக்காட்டுப் பாடம்

இனி நம் மலைக்கு வருவோம். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு. அகத்தியர் மலைக்கு ஏறுவோர் புறப்படும் இடம் அது. 1868 மீட்டர் உயர்ந்த அம்மலையைப் பொதிகை என்று நாம் பாட்டில் படிக்கிறோம். அதன் மேற்குச் சரிவில் தமிழர் லயங்களில் வாழ்ந்து தேயிலை வளர்த்தனர் என்பதைப் பலர் அறியார். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அங்கே ஏறியவர். என் தாய் கொழுந்து பறித்தவர். தந்தை கவாத்துக் கத்தி பிடித்தவர்.

தேயிலையைச் செடி என்கிறோம். அது செடியன்று, மரம். அஸ்ஸாம் வகைத் தேயிலையை வெட்டாது விட்டால் 10 மீட்டருக்கு மேலும் உயரும். இடுப்பளவில் அது நிற்பது கையின் வேலை. கன்று நட்ட சில மாதங்களில் நடுத்தண்டை நறுக்குவர். பக்கக் கிளைகள் வந்ததும் அவற்றின் நுனிகளையும் ஓர் உயரத்தில் நறுக்குவர். இப்படிப் படிப்படியாகப் பரந்து, மேசை போன்ற மட்டம் ஒன்று உருவாகிறது. பறிப்போர் அதன்மீது மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேல் எழுந்த இரண்டிலையும் ஒரு மொட்டுமே கிள்ளுவர். கீழே தாய் இலையைத் தொடுவதில்லை. செடிக்குச் சோறு சமைப்பது அந்தத் தாய் இலை.

ஜப்பானியர் ஆண்டுக்கொருமுறை திரி நறுக்குகின்றனர். என் தாய் அதே வேலையை ஏழெட்டு நாளுக்கொருமுறை, ஒரே செடியில், ஆண்டு முழுவதும் செய்தார். இயற்கை விதி இரண்டிடத்தும் ஒன்றே. பயன் வேறு. அங்கே நறுக்கியது குப்பை, நின்றது செல்வம். இங்கே நறுக்கியது செல்வம். நின்றதைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை.

பறிக்கப் பறிக்க மட்டம் மெல்ல உயரும், முடிச்சுகள் பெருகும், கொழுந்து குறையும். ஆகவே தென்னிந்தியத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து. இளங்கவாத்து என்றால் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவர். கிழச்செடிக்குப் புத்துயிர் தர 30 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்குவர். இலையே இல்லாத கட்டையிலிருந்து தளிர் வர வேண்டும். அதற்கு உணவு எங்கே? வேரில். கவாத்துக்கு முன் பென்சில் பருமனான வேர் ஒன்றை வெட்டி அயோடின் தடவிப் பார்ப்பது ஆய்வு நிலையத்தார் முறை. கருநீலமானால் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

தந்தைக்கு அயோடின் தெரியாது. செடியின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். நலிந்த செடியில் ஓரத்துக் கிளை இரண்டை இலையோடு விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டுவார். "அதுவும் மூச்சு விடணும்ல" என்பார். வெட்டு உட்புறம் சரிய வேண்டும். பட்டை கிழியக் கூடாது. வெட்டிய மிலாறுகளைக் கட்டையின் மேலேயே பரப்புவார், வெயிலில் பட்டை வெந்துபோகாமல். எம்.எஸ்.ஸி. வகுப்பில் இவ்வளவையும் காரண காரியத்தோடு படித்தபோது, ஒவ்வொன்றும் எனக்கு முன்பே கண்டதாக இருந்தது.

நான் கற்ற வேறுபாடு

இளநிலை முதலாண்டில் கோடைக்கானல் சுற்றுலா சென்றபோது நாற்றங்கால் ஒன்றில் ஒரு பைன் கன்று வாங்கினேன். போனக்காட்டுக்குக் கொண்டுபோய், தந்தை தேயிலையை வெட்டுவதுபோல ஒரு சாண் உயரத்தில், ஊசி ஒன்றும் மிஞ்சாமல் வெட்டினேன். தளிர்க்கும் என்று நாள்தோறும் நீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் விறகாயிற்று.

தந்தை வந்து நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். "ஏலே, தேயிலை பொறுத்துக்கிடுதுன்னா எல்லாம் பொறுக்குமா? எது எதைப் பொறுக்கும்னு பாத்துல்லா கத்தி வைக்கணும்" என்றார்.

அதுவே உண்மை. தேயிலையின் முதிர்ந்த கட்டையிலும் உறங்கும் மொட்டுகள் உண்டு. வேரில் இருப்பும் உண்டு. பைனில் ஊசியற்ற பழங்கட்டை பெரும்பாலும் தளிர்ப்பதில்லை. ஆகவேதான் கரும்பைன் வளர்ப்போர் எந்தக் கிளையிலும் பச்சை மிஞ்சும்படி வெட்டுகின்றனர். அன்றியும் கரும்பைன் குளிர்கால உறக்கம் நாடும் மரம். நம் கரையோர வெப்பத்தில் எளிதில் நலம் காண்பதில்லை. நம்மூரில் தொடங்குவோர்க்கு ஆல், அரசு, இத்தி ஆகியவை ஏற்றவை. புளிப்புத் தன்மையுள்ள மண் தந்தால் தேயிலையும் தட்டில் நிற்கும். பைன் இறந்த அவ்வாண்டே லயத்துக்குப் பின்னால் தானாக முளைத்த தேயிலைக் கன்று ஒன்றைச் சட்டியில் வைத்தேன். ஐந்தாண்டு ஆகிறது. இரண்டு முறை வேர் நறுக்கி மண் மாற்றினேன். ஒரு சாண் உயரம், கட்டைவிரல் பருமன். இவ்வாண்டு ஒரு பூவும் பூத்தது.

கை நின்றால்?

போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஓசை அடங்கி ஆண்டுகள் பல ஆயின. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் சரிவுகளைப் பார்க்கிறேன். கவாத்துப் படாத செடிகள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. வரிசை மறைந்தது, மட்டம் மறைந்தது. நுனிகள் மீண்டும் ஆட்சிக்கு வந்துவிட்டன. வெண்மையான பூக்கள் பூத்துக் காய்க்கின்றன. பார்ப்போர்க்கு அழகாகவே இருக்கும். எனக்கோ, மூன்று தலைமுறை பிடித்திருந்த கையை மலை விடுவித்துக்கொண்டது போலத் தோன்றும்.

வாஷிங்டன் நகரத் தாவரத் தோட்டத்தில் ஜப்பானிய வெண்பைன் ஒன்று தட்டில் நிற்கிறது. 1625 முதல் பேணப்பட்டது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, யமாகி குடும்பத்தாரின் வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வந்தது. 2001இல் அக்குடும்பத்துப் பேரர்கள் வந்து சொன்னபோதுதான் அது ஹிரோஷிமாவில் பிழைத்த மரம் என்பது அங்குள்ளோர்க்குத் தெரிந்தது. இன்று அது யமாகி பைன் என்றே வழங்குகிறது. பேணிய கையின் பெயர் மரத்தின் பெயராயிற்று.

போனக்காட்டுச் செடிகளைப் பேணிய கைகளின் பெயர் எங்கே இருக்கிறது? பறித்த எடை செக்ரோலில் ஏறிற்று. வெட்டிய நேர்த்தி எதிலும் ஏறவில்லை. எந்தச் செடிக்கு மூச்சுக் கிளை விட வேண்டும் என்று முகம் பார்த்துச் சொல்லும் அறிவு என் தந்தையோடும் அவர் வயதினர் சிலரோடும் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அவர் இன்றும் வீட்டுக்குப் பின்னால் நாற்பது செடிகளை மட்டம் கலையாமல் வைத்திருக்கிறார். குடும்பத்துக்குத் தேநீருக்கு அது போதும். சென்ற விடுமுறையில் அவர் வெட்ட வெட்ட நான் பக்கத்தில் குந்தி, உயரம், சரிவு, விட்ட கிளை ஆகியவற்றை நோட்டில் எழுதிக்கொண்டேன். "இதையெல்லாமா காலேஜில கேக்காங்க?" என்று சிரித்தார், ஆனால் அதன்பின் ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே வெட்டினார்.

நண்பர்களே, நம் சங்கத்தில் தோட்டத்திலிருந்து வந்தோர் உண்டு. வயலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்தோர் உண்டு. வீட்டில் பெரியவர் கையில் ஒரு தொழில் இருக்குமானால், விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அதனை இவ்விதழுக்கு எழுதித் தாருங்கள். குறுமரம் வளர்க்க விரும்புவோர் என் அறைக்கு வரலாம். தேயிலைக் கன்று நான்கு வைத்திருக்கிறேன். ஒன்றே நிபந்தனை: கொண்டுபோன பின் விடுமுறை என்று சொல்லி அதனை மறக்கக் கூடாது.