கடன் கட்டி முடியும்வரை பயன் தருமா?

கேள்வி: கிள்ளானிலிருந்து தினமும் கொமியூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம். நானும் என் வருங்காலக் கணவரும் சேர்ந்து 34,000 வெள்ளி சேர்த்திருக்கிறோம். வீட்டார் போட்ட பட்டியலோ 55,000 வெள்ளிக்கு வந்து நிற்கிறது: 800 பேருக்கு மண்டப விருந்து 24,000, நகை, புடவை 10,000, மேடை அலங்காரம் 9,000, படம், வீடியோ 8,000, கோயில், தாலிச் சடங்குகள் 4,000. குறையும் 21,000-த்துக்கு அப்பா ஒரு வழி சொல்கிறார்: என் சேமநிதியில் 5,000, அம்மாவின் நகையை அடகு வைத்து 10,000, பெரியப்பா நடத்தும் கூட்டில் (சீட்டு) 6,000. “மொய்யில் எல்லாம் திரும்பி வந்துவிடும்” என்கிறார். எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது?
- வாசகி, கிள்ளான்

பதில்: அன்புத் தங்கைக்கு வாழ்த்துகள். செலவு பெரியதா சிறியதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அதற்கான பணத்தைக் கட்டி முடிக்கும்வரை அதன் பயன் இருக்குமா? ஒரு மாலையில் முடிந்துவிடும் மேடை அலங்காரத்துக்கு ஓராண்டு வட்டி கட்டுவது வீண்.

அப்பா சொன்ன மூன்று வழிகளையும் பார்ப்போம்.

சேமநிதி: 2024 மே 11 முதல் உங்கள் சந்தாவில் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ‘ஃப்ளெக்ஸிபல்’ கணக்குக்குப் போகிறது. எடுக்க முடிகிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். 2024-க்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. குறைத்து 5 விழுக்காடு என்றே வைத்தாலும், தொடாமல் விட்ட 5,000 வெள்ளி 30 ஆண்டுகளில் 21,600 வெள்ளியாகும். முதுமையில் அது பல மாதச் சாப்பாட்டுச் செலவு.

அடகு: உரிமம் பெற்ற அடகுக் கடை மாதம் 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். 10,000 வெள்ளிக்கு மாதம் 200, ஆண்டுக்கு 2,400. இவ்வளவும் வட்டிதான், அசல் அப்படியே நிற்கும். மீட்கத் தவறினால் அம்மாவின் நகை ஏலத்துக்குப் போகும்.

கூட்டு: பெரியப்பா நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இடையில் ஒருவர் கட்டாமல் விட்டால் பணத்தோடு உறவும் போகும். இதில் சேர வேண்டாம்.

மொய்யை வருமானமாக எண்ணிச் செலவைத் திட்டமிடுவதும் சரியல்ல. இன்று வாங்கும் ஒவ்வொரு உறைக்கும் நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் நீங்கள் திருப்பி வைக்க வேண்டும். எவ்வளவு வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். கோயில், தாலிச் சடங்குகளுக்கான 4,000-த்தில் கை வைக்காதீர்கள். நம் வழக்கத்தில் திருமணம் என்பதே அதுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் திருமணம் என்றால் பதிவுதான். பதிவுச் செலவு மிகக் குறைவு, அதை மறக்காதீர்கள். விருந்தும் வேண்டியதே. உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் 400 பேரை உட்கார வைத்து வயிறார உபசரித்தால் போதும். 12,000 வெள்ளி ஆகும். நகையில் தாலியும் சங்கிலியும் 916 தங்கத்தில் நல்லதாக எடுங்கள். விற்கும்போது செய்கூலி திரும்பி வராது, ஆகவே வேலைப்பாடு மிகுந்த செட் வேண்டாம். புடவையைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலேயே எடுக்கலாம். இதற்கெல்லாம் 7,000 வையுங்கள். படம், வீடியோவுக்கு 3,000, மேடைக்கு 2,000. கூட்டினால் 28,000. கடன் இல்லை, கையில் 6,000 மிஞ்சும். வாடகை முன்பணம், மருத்துவம், வேலை போனால் ஓரிரு மாதச் செலவு என எதற்கும் அது நிற்கும்.

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்ற கவலை அப்பாவுக்கு இருக்கும். அவர் பெருமைக்காக மட்டும் கேட்கவில்லை, மகள் குறைவாக அனுப்பப்பட்டாள் என்ற பேச்சு வரக் கூடாதே என்று அஞ்சுகிறார். அந்த அன்பை மதித்துப் பேசுங்கள். நம் வரலாற்றையே எடுத்துச் சொல்லுங்கள். 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டச் சொல்லி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளி பெரிய பணம். அதைக் கட்டித்தான், துண்டாடி விற்கப்படவிருந்த தோட்டங்களில் சிலவற்றை அவர்களால் வாங்க முடிந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் 1961-இல் அப்படித்தான் கைக்கு வந்தது. குறைந்த கூலியிலும் எது முக்கியம் என்று தெரிந்து பணம் போட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

ஏற்கெனவே வேறு கடன் இருந்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. இருவரும் சேர்ந்தே போங்கள். திருமணத்துக்கு முன் ஒருவர் கடனை மற்றவர் தெரிந்துகொள்வது அவசியம்.

என் முடிவு இதுதான்: கையில் உள்ள 34,000-த்துக்குள் திருமணத்தை முடியுங்கள். சேமநிதியையும் அம்மாவின் நகையையும் தொடாதீர்கள்.