வன்தட்டைப் பிரிக்கும் முன்

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் பிறகு அம்மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்தில் கன்று நடுவதற்கு முன் நிலத்தை அளப்பார்கள். நிரைகளுக்குக் குச்சி ஊன்றி அடையாளமிடுவார்கள். சாலை, லயம், ஆலை ஆகியவற்றுக்குத் தனித்தனியே இடம் ஒதுக்குவார்கள். நட்ட கன்று பால் தருவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். தவறான இடத்தில் வளர்ந்துவிட்ட மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்க முடியாது. எனவே, அளவு முதலில், நடவு பிறகு என்பது தோட்டத்தின் ஒழுங்காக இருந்தது.

கணினியின் வன்தட்டுக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். வன்தட்டில் புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவ விரும்புபவர், எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பிரிக்கும் கோட்டை இழுப்பது எளிது. கோப்புகள் நிறைந்த பிறகு அக்கோட்டை நகர்த்துவது கடினம்.

ஒரு வீட்டின் கணினி

ஈப்போவின் புந்தோங் பகுதியில் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வீட்டில் படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக் கணினி பழையது. அதில் விண்டோஸ் 10 இயங்குதளம் உள்ளது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது குறிப்பிட்ட வகைச் செயலிகளையும் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லையும் கேட்கிறது. வீட்டுக் கணினியில் அவை இல்லை.

புதிய கணினி வாங்கப் பணமில்லை. லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று மாணவி எண்ணினாள். பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் கருவைக் கொண்டு இன்று பலவகை இயங்குதளங்கள் உருவாகியுள்ளன. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை அவற்றுள் சில. இவை இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றின் திரைச்சொற்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கம் செய்துள்ளார்கள்.

எனினும், விண்டோஸை முற்றிலும் நீக்கிவிடவும் முடியவில்லை. அவளுடைய அம்மா தையல் தொழிலுக்கான கணக்கை எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். எனவே, இணையப் பணிகளுக்கு லினக்ஸ், இணையத்தொடர்பு தேவைப்படாத கணக்குக்கு விண்டோஸ் என ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ள அவள் முடிவு செய்தாள். அதற்கு வன்தட்டைப் பிரிக்க வேண்டும்.

பிரிவு என்றால் என்ன?

ஒரே வன்தட்டின் பரப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிச் சேமிப்பகமாகப் பயன்படுத்துவதே பிரிவு அமைத்தல் ஆகும். எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை வன்தட்டிலுள்ள ஓர் அட்டவணை குறித்துவைத்துக்கொள்கிறது. கணினி அதைப் படித்தே ஒவ்வொரு பிரிவையும் அடையாளம் காண்கிறது.

ஐபிஎம் நிறுவனம் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட எக்ஸ்டி கணினியின் வன்தட்டு வெறும் 10 மெகாபைட் கொள்ளளவு உடையது. இன்றைய திறன்பேசியில் எடுக்கும் சில படங்களே அதை நிரப்பிவிடும். எம்பிஆர் எனப்படும் பழைய அட்டவணை முறையில் 4 முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. ஜிபிடி எனப்படும் புதிய முறையில் பொதுவாக 128 பிரிவுகள் வரை அமைக்கலாம். விண்டோஸ் தன் தேவைக்கென ஏற்கெனவே இரண்டு மூன்று பிரிவுகளை அமைத்திருக்கும். ஆகவே, தம் கணினியில் உள்ளது எம்முறை என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. மாணவி பார்த்தபோது அவளுடைய வன்தட்டு ஜிபிடி முறையில் இருந்தது.

அளந்து பார்த்தல்

வன்தட்டின் மேல் 500 ஜிகாபைட் என்று எழுதப்பட்டிருந்தது. கணினித் திரையோ 465 என்று காட்டியது. 35 எங்கே போயிற்று என்று மாணவி திகைத்தாள். உண்மையில் எதுவும் தொலையவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறது. இடம் ஒன்றே, அளவுகோல்தான் வேறு. திட்டமிடும்போது திரை காட்டும் எண்ணையே கொள்ள வேண்டும்.

அடுத்து, இருப்பதை அவள் கணக்கிட்டாள். விண்டோஸும் அதன் மென்பொருள்களும் 90 ஜிகாபைட் எடுத்திருந்தன. படங்கள், காணொலிகள், பள்ளிப் பாடங்கள், அம்மாவின் கணக்குகள் ஆகியவை 160 ஜிகாபைட் இருந்தன.

அவள் போட்ட முதல் திட்டம் எளிமையானது. 465ஐ மூன்றால் வகுத்து, விண்டோஸுக்கு 155, லினக்ஸுக்கு 155, கோப்புகளுக்கு 155 என எழுதினாள். பிறகுதான் பிழை தெரிந்தது. இப்போதே 160 ஜிகாபைட் இருக்கும் கோப்புகள் 155இல் எப்படி அடங்கும்? சமமாகப் பங்கிடுவது நியாயமாகத் தோன்றலாம். ஆனால், தேவை சமமாக இல்லாத இடத்தில் அது பயன்படாது.

இரண்டாவது திட்டத்தில் லினக்ஸுக்கு 25 மட்டும் ஒதுக்கினாள். உபுண்டுவுக்கு 25 ஜிகாபைட் இடம் வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். ஆயினும், அது தொடங்குவதற்கான அளவுதான். புதுப்பிப்புகளும் புதிய மென்பொருள்களும் வந்து சேரும். மேலும், தற்காலிக நினைவகம் நிரம்பும்போது அதிலுள்ள சிலவற்றை எடுத்துவைக்க லினக்ஸ் வன்தட்டில் சிறிது இடத்தைப் பயன்படுத்தும். மூச்சுவிட இடமில்லாத இயங்குதளம் சில மாதங்களில் திணறத் தொடங்கிவிடும்.

மூன்றாவது திட்டம் இவ்வாறு அமைந்தது:

1. விண்டோஸ்: 130 ஜிகாபைட். இதில் 90 நிரம்பியுள்ளது, 40 மீதம்.
2. லினக்ஸ்: 60 ஜிகாபைட். இயங்குதளம், புதுப்பிப்பு, மென்பொருள் எல்லாவற்றுக்கும் போதும்.
3. பொதுக் கோப்புகள்: 274 ஜிகாபைட். இப்போதுள்ள 160 போக 114 மீதம்.
4. கணினியைத் துவக்க உதவும் சிறு பிரிவுகள்: 1 ஜிகாபைட்.

மொத்தம் 465. குடும்பம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 ஜிகாபைட் படங்களைச் சேர்க்கிறது என்றால், பொதுப் பிரிவு இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குத் தாங்கும். இப்பிரிவை என்டிஎப்எஸ் அமைப்பில் வைத்தால் இரண்டு இயங்குதளங்களும் அதைப் படிக்கும், எழுதும். விண்டோஸிலோ லினக்ஸிலோ கோளாறு ஏற்பட்டால், அந்தப் பிரிவை மட்டும் அழித்து மீண்டும் நிறுவலாம்; கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. இதுவே தனிப்பிரிவின் பெரும்பயன்.

திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும்

இடத்தைப் பங்கிட்டதோடு திட்டம் முடிந்துவிட்டது என்று மாணவி நினைத்தாள். அருகிலிருந்த தாத்தா, கணினியில் இருந்த பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி வகுப்பு, பால் நிறுக்கும் கொட்டகை எனப் பலவும் அப்படங்களில் இருந்தன. அவற்றின் அச்சுப் படிகள் ஈரத்தில் பூத்து அழிந்துவிட்டன. கணினியில் வருடி வைத்த 12 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது.

அத்தோட்டமும் இன்றில்லை. 1950களிலும் 1960களிலும் மலாயாவில் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கும் நோக்கில் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். பின்னர் எஞ்சிய தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின.

“படங்கள் தனிப் பிரிவில் பத்திரமாக இருக்கும் தாத்தா,” என்றாள் மாணவி.

“அந்தப் பிரிவும் இதே தட்டில்தானே அம்மா இருக்கிறது?” என்று கேட்டார் தாத்தா. “எங்கள் தோட்டத்தில் லயம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம் என்று எல்லாம் தனித்தனியாகத்தான் இருந்தன. ஆனால், நிலம் ஒன்று. நிலத்தை விற்றபோது எல்லாம் சேர்ந்தே போய்விட்டன.”

மாணவி தன் திட்டத்தின் குறையை உணர்ந்தாள். பிரிவு என்பது ஒழுங்கு. அது பாதுகாப்பு ஆகாது. வன்தட்டு பழுதானால் அதிலுள்ள எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் பறிபோகும். அட்டவணையைத் திருத்தும்போது ஏற்படும் சிறு தவறும் அப்படியே. இயங்குதளத்தை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். மென்பொருளையும் மீண்டும் நிறுவலாம். தோட்டப் படங்களை மீண்டும் எடுக்க அந்தத் தோட்டம் இல்லை. எனவே, திரும்பக் கிடைக்காதவை எவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு வேறொரு கருவியில் படி எடுத்து வைப்பதே திட்டத்தின் முதல் படியாக இருக்க வேண்டும்.

செயலில் இறங்குதல்

மாணவி வேலையின் வரிசையை மாற்றி எழுதினாள். முதலில், 160 ஜிகாபைட் கோப்புகளையும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்தாள். படியெடுத்தால் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டாள். ஒவ்வொரு கோப்புறையிலும் சில படங்களைத் திறந்து பார்த்தாள். தோட்டப் படங்களை மட்டும் விரலி ஒன்றில் மற்றொரு படியெடுத்துத் தைப்பிங்கில் இருக்கும் சித்தப்பாவிடம் கொடுத்துவைத்தார்கள். ஈப்போ வீட்டுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் தைப்பிங் படி தப்பிக்கும்.

ஈப்போவில் மாலையில் இடிமின்னலோடு மழை பெய்வது வழக்கம். பிரிவைச் சுருக்கும்போது மின்சாரம் தடைபட்டால் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே, ஒரு சனிக்கிழமை காலையில் அவள் பணியைத் தொடங்கினாள். விண்டோஸில் இருந்த கோப்புகளை நீக்கிய பின், விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு அதன் பிரிவைச் சுருக்கினாள். முதல் முயற்சியில் எண்ணிய அளவு சுருங்கவில்லை. நகர்த்த முடியாத சில கோப்புகள் பிரிவின் நடுவில் இருந்தால் இவ்வாறு நேரும். உறக்கநிலை வசதியை அணைத்து, கணினியை மீண்டும் இயக்கிய பிறகு 130க்குச் சுருங்கியது. இரண்டு இயங்குதளங்களும் ஒரே பிரிவில் எழுதும்போது சிக்கல் வராமலிருக்க, விண்டோஸின் விரைவுத் துவக்க வசதியும் அணைந்துள்ளதை உறுதி செய்துகொண்டாள்.

லினக்ஸை நிறுவும்போது திரையில் சில தெரிவுகள் தோன்றின. வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவது அவற்றுள் ஒன்று. அவசரத்தில் அதை அழுத்தியவர்கள் அனைத்தையும் இழப்பார்கள். மாணவி பிரிவுகளைத் தானே அமைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தாள். தாத்தா தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க, அவள் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறுதிப் பொத்தானை அழுத்தினாள்.

நண்பகலுக்குள் பணி முடிந்தது. வெளி வன்தட்டிலிருந்து கோப்புகளைப் பொதுப் பிரிவுக்குக் கொண்டுவந்தாள். வெளி வன்தட்டில் இருந்த படியை அழிக்காமல் அப்படியே எடுத்துவைத்தாள். புதிய இயங்குதளத்தில் முதலில் திறந்தது தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம். கடைசி வரிசையில் நின்ற ஒரு சிறுவனைத் தாத்தா சுட்டிக்காட்டினார், அது அவரேதான்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. வன்தட்டைப் பிரிக்க விரும்புபவர் இருக்கும் இடத்தை அளக்க வேண்டும். இன்றைய தேவையோடு நாளைய வளர்ச்சியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவை அனைத்துக்கும் முன், திரும்பக் கிடைக்காதவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அதன் பிறகு கோடு இழுப்பது சில நிமிட வேலைதான்.