ஓடு எத்தனை வேண்டும்?

பாலக்காடு மாவட்டம் சித்தூரில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம். ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். தச்சர் புதுக் கைமரம் ஏற்றிவிட்டார். இனி மங்களூர் ஓடு வாங்க வேண்டும். கையில் இருப்பது கடன் பணம்.

"வீடு 20 அடி நீளம், 15 அடி அகலம். 300 சதுர அடிக்கு வாங்கினால் போதும்" என்றார் கணவர்.

"ஏங்க, தரைக்கா ஓடு போடப் போறோம்? கூரை சரிவா இருக்கே. சுவரைத் தாண்டியும் நீளுதே" என்றார் மனைவி.

இருவரும் கயிறு பிடித்து அளந்தார்கள். முகட்டின் நீளம் 22 அடி. முகட்டிலிருந்து கூரை ஓரம் வரை, சரிவில் 10 அடி. ஒரு பக்கம் 220 சதுர அடி. இரண்டு பக்கமும் 440.

100 சதுர அடியை மேஸ்திரிகள் ஒரு சதுரம் என்பார்கள். ஒரு சதுரத்துக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும். 4 சதுரத்துக்கு 560. மீதி 40 சதுர அடிக்கு 56. மொத்தம் 616 ஓடு.

தரைக் கணக்கில் 420 தான் வந்திருக்கும். 196 ஓடு குறைவு! கூரையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு திறந்து கிடக்கும். மறுபடியும் வண்டி வாடகை. ஜூன் மாதம் மழையும் வந்துவிடும்.

ஓடு வழியில் உடையும். அதற்காக 100-க்கு 5 சேர்த்து, 650 வாங்கினார்கள். முகட்டு ஓடு தனி. ஒன்று சுமார் ஒன்றேகால் அடி மூடும். 22 அடிக்கு 18 வேண்டும். 20 வாங்கினார்கள்.

ஓட்டின் அளவு ஆலைக்கு ஆலை மாறும். சதுரத்துக்கு எத்தனை என்று கடையில் கேளுங்கள்.

பயிற்சி: இருபக்கக் கூரை. முகடு 20 அடி. சரிவு 9 அடி. உடைசல் சேர்க்காமல் எத்தனை ஓடு?
(விடை: 504)