சுவரோர மேஜை

கேள்வி: வீட்டு நுழைவாயிலில் சுவரோரம் வைக்க, நவீன பாணியில் தேக்கு மேஜை ஒன்று செய்விக்க விரும்புகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அகலம் 12 அங்குலத்துக்கு மிகாமலும் உயரம் 30 முதல் 32 அங்குலத்துக்குள்ளும் இருந்தால் நடமாட்டத்துக்கு இடையூறு இராது. அலங்காரத்தை அறவே துறந்த நவீன வடிவத்தில், குறையை மறைக்கச் சித்திர வேலை ஏதும் இல்லாமையால் இணைப்பின் நேர்த்தியே சௌந்தரியம் ஆகிவிடுகிறது. ஆதலால், கால்களைச் சட்டத்தோடு ஆணியால் அறையாமல், கழுந்தும் துளையுமாகவே பொருத்தச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் பலகை அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். மரத்தின் இந்தச் சுபாவத்தை மதியாமல் இறுகப் பிணைத்த மேற்பலகை ஒன்று, முதல் சித்திரையிலேயே நடுவில் மயிரிழை போல வெடித்ததை என் வீட்டிலேயே கண்டு வருந்தியிருக்கிறேன். அடியிலிருந்து முடுக்கும் திருகாணிகளின் துளைகளை அகலவாக்கில் சற்றே நீட்டிவிட்டால் பலகை தன் போக்கில் அசையும். மெருகை அடிப்புறத்துக்கும் பூசுவது அவசியம்.