நோன்பில் அடங்கிய கை மஃக்ரிபில் நீள்வது ஏன்?

ரமலானில் நாம் எல்லோரும் பார்க்கிற காட்சிதான். சுபுஹு முதல் பதின்மூன்று மணி நேரம் சிகரெட்டைத் தொடாமல் கடையில் இருந்து வியாபாரம் பார்த்த சகோதரர், பேரீச்சம்பழம் கடித்து, நோன்புக் கஞ்சி குடித்து, தொழுகையும் முடித்த பிறகு பள்ளிவாசல் மதிலோரம் நின்று தீக்குச்சி உரசுகிறார். "பகல் முழுக்க விட முடிந்த மனுஷனுக்கு ராத்திரி விட முடியாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. எந்தச் செல்லும் தனியே முடிவெடுப்பதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையும், உள்ளே ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியும் செல் வலைகளால் பிணைந்து, இடைவிடாமல் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இதில் இரண்டு பாதைகளைச் சொல்லலாம். ஸ்ட்ரையேட்டத்தின் உட்பக்கமாகச் செல்வது குறிக்கோள் பாதை. 'இதைச் செய்தால் என்ன கிடைக்கும், அது இப்போது எனக்கு வேண்டுமா' என்று அது எடைபோடும். வெளிப்பக்கமாகச் செல்வது பழக்கப் பாதை. இடத்தையும் நேரத்தையும் கண்டதுமே கையை நீட்ட வைக்கும். தக்கலையில் மருந்து வாங்க வேண்டும் என்று பைக்கில் கிளம்பியவர், வழக்கம்போல வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. ஸ்ரீநிவாச சக்கரவர்த்தியின் ஆய்வகம் இந்த ஆழ்பகுதியின் வேலையைக் கணினி மாதிரிகளாக்கி ஆராய்ந்து வருகிறது. பார்க்கின்சன் நோயில் கெடுவதும் இந்தப் பகுதியின் வலைதான்.

1980களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஆடம்ஸ், டிக்கின்சன் என்ற இருவர் எலிகளுக்கு ஒரு பிடியை அழுத்தித் தீனி பெறப் பழக்கினார்கள். பிறகு அந்தத் தீனியே குமட்டும்படி செய்தார்கள். குறைவாகப் பழகிய எலி பிடியை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டது. மிகுதியாகப் பழகிய எலியோ, தனக்கு வேண்டாத தீனிக்காக அழுத்திக்கொண்டே இருந்தது. சிகரெட் பிடிக்கும் பலர் "எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும்..." என்று சொல்வது பொய்யல்ல.

மன உளைச்சல் இதை மோசமாக்கும். பல வாரம் நெருக்கடியில் வைத்த எலிகளில் குறிக்கோள் பாதை சுருங்கி, பழக்கப் பாதை வளர்ந்ததைப் போர்ச்சுக்கல் ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். தேர்வு நெருக்கடியில் இருந்த மருத்துவ மாணவர்களிடமும் இதே மாற்றத்தைக் கண்டார்கள். ஆனால் சில வார ஓய்வுக்குப் பின் அது சரியானது. கடன், வேலையின்மை என்று தவிப்பவரிடம் "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்லுமுன் இதையும் யோசிக்க வேண்டும்.

விமானப் பணியாளர்களிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. கடைசி சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, விமானம் இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே அவர்களின் வேட்கையைக் கூட்டியது. நிகோட்டின் உடலைப் பிடித்து வைத்திருப்பதும் உண்மைதான். எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் போட முடியாது. ஆனால் 'இப்போது கிடையாது' என்பது உறுதியாக இருக்கும்வரை வேட்கை அடங்கியிருக்கிறது. நமக்கு மஃக்ரிப் பாங்குதான் விமானம் இறங்கும் நேரம்.

ஆகவே நிறுத்த விரும்புபவர் பகலை விட்டு, பாங்குக்குப் பிந்தைய அரை மணி நேரத்தைத் திட்டமிடட்டும். அந்த மதிலோரம் வேண்டாம். அந்தக் கூட்டாளியும் அப்போது வேண்டாம். தொழுததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு தெரு வழியாக வீடு திரும்பலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை.